கவுன்ட்டரில் கொடுத்த பெட்டி எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விமான நிலையத்தின் பெட்டி பிரிக்கும் கூடத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். ஸ்கேனர் படிக்க முடியாமல் ஒதுக்கித் தள்ளும் பெட்டிகளை எடுத்து, எந்த விமானத்துக்கு உரியவை என்று பார்த்து அனுப்புவதுதான் என் வேலை. ஊருக்குப் போனால், கல்யாண வீடோ காதுகுத்தோ, யாராவது ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெட்டியைப் பற்றித்தான் ஆரம்பிப்பார். அப்படி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அந்த ரப்பர் திரைக்குப் பின்னால் போனதும் முதலில் என்ன நடக்கிறது?

கவுன்ட்டருக்குப் பின்னால் ஓடும் பெல்ட்டில் விழுந்து, பெரும்பாலும் கீழ்த்தளத்துக்கு இறங்கும். அங்கே மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஸ்கேனர்கள் பொருத்திய வளைவு ஒன்று இருக்கும். பெட்டி அதற்குள் நுழைந்து வெளியே வரும் அந்த ஒரு நொடியில் டேக்கில் உள்ள கோடுகளைப் படித்துவிடும். டேக்கில் கோடுகள் நெடுக்காகவும் குறுக்காகவும் இரண்டு விதமாக அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டி எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் ஏதாவது ஒன்று கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

படித்த எண்ணை வைத்து இது எந்த விமானம் என்று கணினி தெரிந்துகொள்ளும். வழியில் பாதுகாப்புச் சோதனை நடக்கும். அதைத் தாண்டினால், அந்த விமானத்துக்கான சரிவுப் பாதையில் பெட்டியைத் தள்ளிவிடுவார்கள். தள்ளுவதற்கு சில இடங்களில் பக்கவாட்டுக் கை, சில இடங்களில் சாயும் தட்டு, பெரிய நிலையங்களில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனித் தொட்டி. நான்கு ஐந்து மணி நேரம் முன்னாடியே வந்துவிட்ட பெட்டிகளை வைக்க சாங்கி, துபாய் போன்ற இடங்களில் தனிக் கிடங்கே உண்டு. நேரம் வந்ததும் இயந்திரமே எடுத்து அனுப்பும்.

டேக்கில் இருக்கும் பத்து இலக்க எண்ணுக்கு என்ன பொருள்?

வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி பெட்டிக்கு அந்த எண். முதல் இலக்கம் டேக்கின் வகையைச் சொல்லும். அடுத்த மூன்று விமான நிறுவனத்தின் எண்: ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, ஸ்ரீலங்கனுக்கு 603. கடைசி ஆறும் வரிசை எண். உங்கள் பெயரோ போகும் ஊரோ அந்தக் கோடுகளுக்குள் கிடையாது. கவுன்ட்டரில் டேக் அடிக்கும்போதே, "இந்த எண், இந்தப் பயணி, இந்த விமானம், இந்த இடம்" என்று விமான நிறுவனத்தின் கணினி நிலையத்தின் கணினிக்கு ஒரு செய்தி அனுப்பிவிடும். ஸ்கேனர் எண்ணைப் படித்ததும் அந்தச் செய்தியைத்தான் தேடிப் பார்க்கிறது.

அதனால்தான் போர்டிங் பாஸில் ஒட்டித் தரும் குட்டிச் சீட்டைத் தொலைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அந்த எண் கையில் இருந்தால் தேடும் வேலை பாதி முடிந்த மாதிரி. ஒட்டிக் கொடுத்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே, டேக்கில் போட்டிருக்கும் ஊர் சரியா என்றும் அங்கேயே நின்று பாருங்கள்.

பழைய டேக்கைக் கழற்றாவிட்டால் என்ன ஆகிவிடும்?

என்னிடம் வந்த பெட்டிகளில் நிறைய இந்த ரகம்தான். போன பயணத்தின் டேக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது டேக்கிலிருந்து உரித்து ஒட்டும் குட்டி ஸ்டிக்கர் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியபடி இருக்கும். ஸ்கேனர் இரண்டு எண்களைப் பார்க்கும். எது இன்றையது என்று அதற்குத் தெரியாது, பெட்டியை ஒதுக்கிவிடும். அப்புறம் என்னைப் போன்ற ஒருவர் கையால் பார்த்து அனுப்ப வேண்டும். காலை நெரிசலில் அப்படி இருபது பெட்டிகள் வரிசையில் நின்றால், இருபதாவது பெட்டியின் விமானம் கதவைச் சாத்திவிடலாம். வீட்டில் பெட்டியைத் துடைக்கும்போது அந்தக் குட்டி ஸ்டிக்கர்களையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைச் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

என் பெட்டியைத் திறந்து பார்ப்பார்களா?

எல்லாப் பெட்டியும் எக்ஸ்ரே வழியாகப் போகும். பெரும்பாலானவற்றை யாரும் தொடுவதே இல்லை. முதலில் இயந்திரமே படத்தை அலசிப் பார்க்கும். சந்தேகம் வந்தால் படம் மட்டும் வேறொரு அறையில் இருப்பவரின் திரைக்குப் போகும். அவருக்குக் கிடைப்பது சில நொடிகள். அவருக்கும் தெளிவாகவில்லை என்றால் பெட்டி பாதை மாறி இன்னும் நுட்பமான ஸ்கேனுக்குப் போகும். நம் மருத்துவமனை சிடி ஸ்கேன் மாதிரி அடுக்கடுக்காக வெட்டிப் பார்க்கும் இயந்திரம் அது. அதிலும் தீராவிட்டால்தான் பெட்டியைத் திறப்பது. இந்தியாவில் வழக்கமாகப் பயணியையே கூப்பிட்டு, அவர் எதிரில் திறப்பார்கள். அமெரிக்காவில் நீங்கள் இல்லாமலேயே திறந்து பார்த்துவிட்டு, உள்ளே ஒரு அறிவிப்புத் தாளை வைத்து மூடுவார்கள்.

கட்டியாக, அடர்த்தியாக இருக்கும் தின்பண்டங்கள் இயந்திரத்தைக் குழப்பும். மூன்று கிலோ அல்வாவை ஒரே கட்டியாக நடுவில் வைத்து, அதன் மேல் சார்ஜரையும் வயர்களையும் சுருட்டி வைக்காதீர்கள். தனித்தனியாக வைத்தாலே போதும்.

தேங்காய் கொண்டு போகலாமா? கொப்பரை?

கொப்பரை கூடாது. எண்ணெய்ச் சத்து மிகுந்த காய்ந்த பொருள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் 2022-இல் இந்தியாவின் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. முழுத் தேங்காயைக் கைப்பையில் விட மாட்டார்கள். சபரிமலை பக்தர்களின் இருமுடிக்கு மட்டும் 2024 இறுதியில் விதிவிலக்கு தந்தார்கள், அதுவும் 2025 ஜனவரி 20 வரை என்று நாள் குறித்து.

பவர் பேங்க், கழற்றி வைத்த லித்தியம் பேட்டரி இரண்டும் கண்டிப்பாகக் கையோடுதான் வர வேண்டும். கேபினில் புகைந்தால் நாலு பேர் பார்த்து அணைக்கலாம். சரக்கறையில் பெட்டிகளுக்கு நடுவே புகைந்தால் யார் போய் அணைப்பது?

பயணி வரவில்லை என்றால் அவர் பெட்டியை இறக்கும்வரை விமானத்தை ஏன் நிறுத்துகிறார்கள்?

இதைக் கேட்கும்போது பலர் எரிச்சலோடுதான் கேட்கிறார்கள். நாற்பது நிமிடம் சீட்டில் உட்கார்ந்திருந்தவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த விதி பல உயிர்கள் போன பிறகு வந்தது.

1984 ஆகஸ்ட் 2 இரவு, சென்னை மீனம்பாக்கம். கொழும்பு விமானத்துக்கென்று கொடுத்த பெட்டிகள் நிலையத்திலேயே நின்றுவிட்டன. கொடுத்தவர் விமானத்தில் ஏறவில்லை. பெட்டியில் இருந்த குண்டு வெடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த வருடம் ஜூனில், கனடாவின் வான்கூவரில் ஒருவர் கவுன்ட்டரில் அடம்பிடித்துத் தன் பெட்டியை டொராண்டோ வழியாக ஏர் இந்தியா விமானத்துக்கு டேக் போட வைத்தார். அவரும் ஏறவில்லை. பெட்டி மட்டும் ஏறியது. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடலோரத்தில் அந்த 182-ஆம் எண் விமானம் வெடித்து 329 பேர் மாண்டார்கள். அதே நாளில், வான்கூவரிலிருந்தே வந்த இன்னொரு பெட்டி ஜப்பானின் நரிடாவில் விமானம் மாற்றும்போது வெடித்தது. இறந்த இருவரும் பெட்டி தூக்கும் தொழிலாளர்கள். 1988 டிசம்பர் 21, ஸ்காட்லாந்தின் லாக்கர்பீ: அங்கும் ஆள் துணை இல்லாமல் வந்த ஒரு சூட்கேஸ்தான். விமானம் வெடித்து 270 பேர் இறந்தார்கள்.

அதனால் இப்போது ஆளும் பெட்டியும் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். பெட்டியைக் கையால் அடுக்கும் விமானங்களில் இந்தக் கணக்கை வைக்கும் முறையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். டேக்கின் நுனியில் உரித்தெடுக்கும் சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். லோடர் ஒவ்வொரு பெட்டியையும் ட்ராலியில் வைக்கும்போது ஒரு ஸ்டிக்கரை உரித்து, கட்டம் போட்ட ஒரு அட்டையில் ஒட்டுவார். பிங்கோ ஷீட் என்பார்கள். எந்த ட்ராலியில் எந்தப் பெட்டி என்று அந்த அட்டை சொல்லும். கேட்டில் ஒரு பயணி வரவில்லை என்று வாக்கி-டாக்கியில் எண் வந்ததும், டார்ச் வெளிச்சத்தில் விரலால் கட்டம் கட்டமாகத் தடவிக்கொண்டே போவார்கள். கண்டுபிடித்த பிறகும் அந்தப் பெட்டி மேலாக இருக்காது. முன்னால் உள்ள ஐம்பது பெட்டிகளை இறக்கி, அதை எடுத்து, ஐம்பதையும் திரும்ப அடுக்க வேண்டும். இப்போது பல இடங்களில் கையில் பிடிக்கும் ஸ்கேனரும் திரையும் வந்துவிட்டன. ஆனால் இறக்கி ஏற்றுவது அதே கைகள்தான்.

பெட்டிகளைத் தூக்கி எறிகிறார்களே?

சில இடங்களில் எறிகிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரக்கறைக்குள் ஒருமுறை போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும். போயிங் 777, ஏர்பஸ் 330 போன்ற பெரிய விமானங்களுக்குப் பெட்டிகளைக் கீழேயே அலுமினியக் கன்டெய்னரில் அடுக்கி, கன்டெய்னரோடு உள்ளே உருட்டிவிடலாம். உள்நாட்டிலும் வளைகுடாவுக்கும் அதிகம் பறக்கும் போயிங் 737-இல் அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு பெட்டியும் பெல்ட் லோடரில் ஏறி, கதவருகே இருப்பவர் கைக்கு வந்து, அவர் உள்ளே தள்ள, உள்ளே இருப்பவர் வாங்கி அடுக்க வேண்டும். அந்த அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. முட்டி போட்டுக்கொண்டுதான் வேலை. மே மாதத்து வெயிலில், வெளியே தகிக்கும் கான்கிரீட், உள்ளே காற்றே இல்லாத உலோகக் குழாய். முட்டிக்கு ரப்பர் உறை போட்டும் தோல் தடித்துப்போன அண்ணன்மார்களை எனக்குத் தெரியும். முட்டி போட்ட நிலையில் முப்பது கிலோ பெட்டியை மூன்று மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்றால், சறுக்கி விடுவதைத் தவிர வழியில்லை.

கண்டபடியும் அடுக்க முடியாது. முன் அறையில் எத்தனை, பின் அறையில் எத்தனை என்று விமானத்தின் எடைச் சமநிலையைக் கணக்கிட்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அதன்படி ஏற்றி வலை கட்ட வேண்டும்.

நான் பணம் கட்டத் தயார். ஒரே பெட்டியில் 35 கிலோ ஏன் கூடாது?

மேலே சொன்ன முட்டிகளுக்காக. ஒரு பெட்டிக்கு 32 கிலோ என்ற உச்சவரம்பு தூக்குகிறவர்களின் முதுகைக் காப்பாற்ற வைத்தது. இரண்டு பெட்டியாகப் பிரித்துவிடுங்கள்.

"உடையும் பொருள்" ஸ்டிக்கர் ஒட்டினால் பயன் உண்டா?

பெல்ட்டுக்கும் தள்ளும் கைக்கும் அது தெரியாது. லோடர் பார்த்தால், இடம் இருந்தால், மேலே வைப்பார். கண்ணாடிச் சாமானைத் துணிக்கு நடுவே, பெட்டியின் சுவரில் படாமல் வையுங்கள்.

இன்னொன்று. அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டுவது நம் ஆட்களின் வழக்கம். அந்தக் கயிற்றின் தொங்கும் நுனியும், சூட்கேஸில் ஆடும் நீள வாரும், இரண்டு பெல்ட்டுகள் சேரும் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். பெல்ட் இழுக்கும், கயிறு அறுந்துபோகும், வரிசையே நின்றுபோகும். பிரவுன் டேப்பை நான்கு பக்கமும் இறுக்கிச் சுற்றினால் அதைவிட நல்லது.

பெட்டிகள் அதிகமாகத் தவறுவது எங்கே?

விமானம் மாறும் இடத்தில். விமானத் துறைக்குக் கணினி வசதி செய்து தரும் சீட்டா (SITA) என்ற நிறுவனம் வருடா வருடம் உலகக் கணக்கை வெளியிடுகிறது. 2007-இல் ஆயிரம் பயணிகளுக்கு ஏறக்குறைய 19 பெட்டிகள் தவறின. 2023-இல் அது 6.9. அந்த 2023-இல் தவறியவற்றில் ஏறத்தாழ பாதி, மாறும் விமானத்தில் ஏறாமல் நின்றுபோனவை. முதல் விமானம் தாமதமாக வந்தால் நீங்கள் ஓடிப் போய்விடுவீர்கள், பெட்டியால் ஓட முடியாது. இறக்கி, டிராக்டரில் இழுத்து, திரும்ப ஸ்கேன் செய்து, சில இடங்களில் மறுபடி சோதித்து, அடுத்த விமானத்தில் ஏற்ற வேண்டும். ஐம்பது நிமிட இடைவெளியில் டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் இதையும் யோசித்துப் பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து சென்னை வழியாக மதுரைக்கு என்பது மாதிரியான பயணத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. டேக்கில் மதுரை என்றே போட்டிருந்தாலும், பொதுவாக முதலில் இறங்கும் இந்திய நிலையத்திலேயே பெட்டியை எடுத்து, சுங்கச் சோதனையைத் தாண்டி, மறுபடி கொடுக்க வேண்டும். தெரியாமல் நேரே மதுரைக்குப் போய், பெட்டி வரவில்லை என்று அங்கே நிற்பவர்கள் ஏராளம். கவுன்ட்டரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விட்டுவிட முடியாதா?

அமெரிக்காவின் டென்வரில் முயன்றார்கள். தண்டவாளத்தில் ஓடும் ஆயிரக்கணக்கான குட்டி வண்டிகள் மனிதக் கை படாமல் பெட்டிகளைக் கொண்டு போய்ச் சேர்க்கும் என்று திட்டம். சோதனை ஓட்டத்தில் வண்டிகள் மோதிக்கொண்டன, பெட்டிகள் சிதறின, துணிகள் தண்டவாளத்தில் கிடந்தன. புது விமான நிலையம் திறப்பதே 16 மாதம் தள்ளிப்போய் 1995 பிப்ரவரியில்தான் முடிந்தது. குறுக்கிச் சுருக்கிப் பயன்படுத்திய மிச்சத்தையும் 2005-இல் கைவிட்டார்கள். லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் திறந்த 2008 மார்ச் 27 அன்றும் இதே கதை. மென்பொருள் கோளாறு ஒருபுறம். இன்னொருபுறம், ஊழியர்களுக்கு வண்டி நிறுத்தும் இடம் தெரியவில்லை, பணியிடத்துக்கு வழி தெரியவில்லை. ஆயிரக்கணக்கான பெட்டிகள் குவிந்தன, சில நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின.

இயந்திரம் நன்றாக ஓடினாலும் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022 கோடை காட்டியது. கொரோனாவில் வேலையை விட்டு அனுப்பியவர்கள் திரும்பவில்லை, பயணிகள் மட்டும் திரும்பினார்கள். அந்த ஜூலையில் டெல்டா நிறுவனம் ஹீத்ரோவிலிருந்து டெட்ராய்ட்டுக்கு ஒரு முழு ஏர்பஸ் 330-ஐப் பயணியே இல்லாமல், தேங்கிக் கிடந்த ஆயிரம் பெட்டிகளை மட்டும் ஏற்றி அனுப்பியது.

இறங்கிய பிறகு பெட்டி வர எவ்வளவு நேரம் ஆகலாம்?

இந்தியாவில் விமானத்தின் எஞ்சின் அணைந்ததிலிருந்து முதல் பெட்டி 10 நிமிடத்திலும் கடைசிப் பெட்டி 30 நிமிடத்திலும் பெல்ட்டுக்கு வர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விமான நிறுவனங்களுக்கு அழுத்திச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வரும்போது சுங்கத் துறை எக்ஸ்ரே இடையில் வரும். சந்தேகப்பட்ட பெட்டியில் சாக்பீஸால் குறி போடும் வழக்கமும் உண்டு.

பெட்டி வரவே இல்லை. என்ன செய்வது?

நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். பெல்ட் பக்கத்திலேயே விமான நிறுவனத்தின் மேசை இருக்கும். அங்கே புகார் பதிந்து, எழுத்தும் எண்ணுமாகப் பத்து இடங்கள் கொண்ட ஒரு குறிப்பெண் வாங்குங்கள். முதல் மூன்று எழுத்து நிலையத்தின் குறி, அடுத்த இரண்டு நிறுவனத்தின் குறி, மீதி எண்கள். உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் பார்க்கும் தேடல் ஏட்டில் அது ஏறிவிடும். பெட்டியை விவரிக்கும்போது "கறுப்பு சூட்கேஸ்" என்று நிறுத்தாதீர்கள். உள்ளே இருப்பதில் தனித்துத் தெரியும் பொருளைச் சொல்லுங்கள்: பச்சைக் கரைப் பட்டுப்புடவை, இட்லித் தட்டு, எதுவானாலும். டேக் போன பெட்டியைத் திறக்கும்போது அதை வைத்துத்தான் பொருத்திப் பார்க்கிறார்கள்.

பெரும்பாலும் வந்துவிடும். 2023-இல் தவறியவற்றில் 77 சதவீதம் வெறும் தாமதம்தான். தொலைந்தவையும் திருடு போனவையும் சேர்ந்து 5 சதவீதம், மீதி சேதமடைந்தவையும் பொருள் குறைந்தவையும். சர்வதேசப் பயணத்துக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும், இந்தியா 2009-இல் சேர்ந்தது. 21 நாளில் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர் அளவுக்கு இருக்கிறது. பெட்டி உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். வாய்ப்பேச்சு கணக்கில் வராது. நகையும் பாஸ்போர்ட்டும் மருந்தும் எப்போதும் கைப்பையில்.

டேக்கே கிழிந்து விழுந்துவிட்டால்?

அதற்காகத்தான் பெட்டிக்குள், துணிக்கு மேலே, பெயரும் போன் நம்பரும் எழுதிய ஒரு தாளை வைக்கச் சொல்கிறேன்.

ஒரு கார்த்திகை மாத அடைமழையில் வளைகுடாவிலிருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்று என் மேசைக்கு வந்தது. டேக் இல்லை. அட்டை ஊறி, மேலே ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்த பெயரும் ஊரும் நீலக் கறையாக வழிந்திருந்தன. "கோட்டை" என்ற கடைசி மூன்று எழுத்து மட்டும் மிச்சம். தமிழ்நாட்டில் எத்தனை கோட்டை! விதிப்படி இரண்டு பேர் சாட்சியாக நிற்கத் திறந்து, ஒவ்வொரு பொருளாகப் பட்டியல் எழுதினோம். கம்பளி, பால் பவுடர் டின்கள், குழந்தைச் செருப்பு, தைலம். அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகை. முகூர்த்தம் மறுநாள் காலை. கீழே மண்டபத்தின் போன் நம்பர்.

என்னோடு வேலை பார்த்த அக்கா கூப்பிட்டுப் பேசினார். மறுமுனையில் மேளச் சத்தம். மணப்பெண்ணின் அண்ணன்தான் பெட்டிக்கு உரியவர், முதல் நாள் வெறுங்கையோடு வீடு வந்திருந்தார். "அந்தச் செருப்பு இருக்காம்மா?" என்றுதான் முதலில் கேட்டாராம், தன் மகள் முகூர்த்தத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அழுதுகொண்டிருப்பதாக. இரவே ஒரு வண்டியில் அனுப்பிவைத்தோம். புதுக்கோட்டை மண்டபத்துக்குப் பெட்டி விடியற்காலை நான்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.